தோற்றவருக்கு முதல் உரிமை

சிற்றூரில் சடுகுடு ஆடி வளர்ந்தவர்களுக்கு ‘உத்தி பிரித்தல்’ நினைவிருக்கும். ஆட்டத்தில் ஏறத்தாழ ஒரே திறமுள்ள இருவர் ஒன்றாகச் சேர்ந்து, சற்றுத் தள்ளிப் போய், தங்களுக்குள் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். ஒருவன் ரோசாப்பூ, மற்றவன் மல்லிகைப்பூ. தலைவர்களில் ஒருவன் மல்லிகைப்பூதான் வேண்டும் என்பான். மல்லிகைப்பூ யார் என்பது அவனுக்குத் தெரியாது. அந்தப் பெயருக்குரியவன் அவன் பக்கம் போவான், எஞ்சியவன் எதிர்ப்பக்கம். சண்டையில்லை, சச்சரவில்லை; இரு பக்கமும் சமம்.

ஆடுகளத்தில் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற இதே கவலை அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக்கும் உண்டு. கல்லூரி அணியில் மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் நேரமே மிகுதி என்பதால், அந்த நாட்டு ஆட்டத்தைப் பற்றிப் படிக்கவும் சிந்திக்கவும் எனக்கு நேரம் கிடைத்தது. அப்படிச் சிந்தித்ததில் முளைத்த ஒரு கருத்தையே மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியர்கள் முன்னும் இங்கே வைக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம். எங்கள் விடுதியிலேயே மறுத்தவர்கள் உண்டு.

2025 ஜூன் 26, விடியற்காலை ஐந்தரை மணி. விடுதி அறையில் நால்வர் ஒரே கைபேசியைச் சூழ்ந்து உட்கார்ந்திருந்தோம். நியூயார்க்கில் அப்போது முந்தைய நாள் இரவு. என்.பி.ஏ. அமைப்பின் தலைமை ஆணையர் ஆடம் சில்வர் மேடைக்கு வந்து முதல் பெயரைப் படித்தார். டியூக் பல்கலைக்கழகத்தில் ஓராண்டே ஆடியிருந்த, பதினெட்டு வயதுக் கூப்பர் ஃபிளாக் டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்கு எடுக்கப்பட்டார். அவர் எழுந்தார்; அந்த அணியின் தொப்பியை அணிந்தார்; மேடையேறிக் கை குலுக்கினார். டல்லாஸ் நகருக்குப் போக உனக்கு விருப்பமா என்று அந்த மேடையில் அவரை எவரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமே அங்கு இல்லை.

இந்த நிகழ்ச்சிக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். போருக்குக் கட்டாயமாக ஆளெடுப்பதற்கும் அந்நாட்டில் இதே சொல்தான். பெயர் வைத்தவர் தம்மையறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று தோன்றுகிறது.

முறை இதுதான். முப்பது அணிகள்; இரண்டு சுற்றுகள்; மிகுதியாகப் போனால் அறுபது பெயர்கள். சென்ற பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிகள் வரிசையின் முன்னால் நிற்கும்; வென்ற அணிகள் பின்னால் நிற்கும். ஓர் அணி ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டால் அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டுமே. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு எத்தனையாவது ஆளோ அதற்கேற்ப ஊதியமும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் உறுதி; அடுத்த இரண்டு ஆண்டுகள் அணியின் விருப்பம். நான்காண்டு முடிந்த பிறகும் வேறோர் அணி அழைத்தால், அதே தொகையைத் தருவதாகச் சொல்லிப் பழைய அணி அவரை நிறுத்திக்கொள்ள வழி உண்டு. ஆக, ஒரு விளையாட்டு வீரனின் இளமையில் பெரும்பகுதி அந்த ஒரு மாலைப் பொழுதில் முடிவாகிவிடுகிறது.

முன்பெல்லாம் சுற்றுகளுக்குக் கணக்கில்லை. 1960-இல் இருபத்தோராம் சுற்று வரை பெயர் படித்திருக்கிறார்கள். 1977-இல் ஏழாம் சுற்றில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி லூசியா ஹாரிஸ் என்ற பெண்மணியின் பெயரைச் சொன்னது. ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அமெரிக்க மகளிர் அணியில் ஆடியவர் அவர். அணியோ நாடறிந்த செய்தியாகிவிட்டது, அவரோ போகவில்லை. 1989 முதல் இரண்டே சுற்றுகள்.

இந்த முறையைப் பற்றி முதன்முதல் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி உண்டாயிற்று. முதலாளித்துவத்தின் தலைமையகம் என்று நாம் சொல்லும் நாட்டில், கடைசியில் நிற்பவனுக்கு முதல் பங்கு என்று ஒரு சட்டமா! பின்தங்கியவரைக் கைதூக்கிவிடும் நீதியை நம் மண்ணில் மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் இது நம்முடைய கொள்கையல்லவா என்று பூரித்தேன். ஆனால் கைதூக்கிவிடப்படுவது யார் என்று பின்னர்தான் யோசித்தேன். அங்கே பின்தங்கியவர் ஓர் அணியின் உரிமையாளர், பெரும் செல்வர். அவரைத் தூக்கிவிடப் பயன்படும் ஏணி பத்தொன்பது வயதுப் பையன்.

தோற்ற வரலாறும் இதையே சொல்கிறது. இந்த யோசனையை 1935-இல் முன்வைத்தவர் பெர்ட் பெல். ஃபிலடெல்ஃபியாவின் அமெரிக்கக் கால்பந்து அணி அவருடையது. அந்த அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் வெல்லும் அணிகளுக்கே போனார்கள். தோற்றவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கட்டும் என்றார் அவர். மற்ற முதலாளிகளும் ஒப்புக்கொண்டார்கள். தங்களுக்குள் போட்டி போட்டு ஊதியத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டியதில்லை என்பதும் அதில் கிடைத்த ஆதாயம். பொருளியல் மாணவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை: வாங்குவோர் பலராக இருந்தால் விலை ஏறும், ஒருவரே என்றால் அவர் சொன்னதுதான் விலை. கூடைப்பந்து இம்முறையை 1947-இல் எடுத்துக்கொண்டது.

தோற்பவனுக்குப் பரிசு என்றால் என்ன நடக்கும்? தோற்பதற்கும் முயற்சி செய்வார்கள். எங்கள் வகுப்பில் எவரைக் கேட்டாலும் இந்தப் பதிலைச் சொல்லியிருப்பார். அமெரிக்கர்கள் இதைக் கண்டுகொள்ள நாற்பதாண்டு ஆயிற்று.

1966 முதல் 1984 வரை, இரு பிரிவுகளிலும் கடைசியில் நின்ற அணிகளுக்கிடையே பூவா தலையா போட்டு முதல் வாய்ப்பைத் தீர்மானித்தார்கள். 1969-இல் அப்படிப் போட்டபோது ஒரு பக்கம் மில்வாக்கி, மறுபக்கம் ஃபீனிக்ஸ். எதிரே இருந்த பரிசு, பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சிண்டர். ஃபீனிக்ஸ் அணி தன் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, அவர்கள் சொன்னபடி ‘தலை’ என்றது. விழுந்தது பூ. 1971-இல் மில்வாக்கி கோப்பையை வென்றது. நல்ல சனநாயகம், பாவம்!

1984-இல் ஹூஸ்டன் அணி பருவத்தின் கடைசி வாரங்களில் வேண்டுமென்றே தோற்றது என்று குற்றச்சாட்டு எழுந்தது. நாணயமும் அவர்கள் பக்கமே விழுந்தது. நைஜீரியாவில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவான் கிடைத்தார். அதே ஆண்டு இரண்டாவது வாய்ப்பைப் பெற்ற போர்ட்லண்டு அணி சாம் பவியை எடுத்தது. மூன்றாவதாகச் சிகாகோவுக்குக் கிடைத்தவர் மைக்கேல் ஜோர்டன். நிபுணர்களின் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு இன்றுவரை சொல்லப்படும் கதை இது. 2014-இல் நாற்பத்தோராவதாக நிக்கோலா யோக்கிச்சின் பெயர் வந்தபோது தொலைக்காட்சியில் ஒரு தின்பண்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததாம். அவர் பின்னர் மூன்று முறை ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

ஹூஸ்டன் விவகாரத்துக்குப் பிறகு, 1985-இல் குலுக்கல் வந்தது. முதலில் உறைகளைக் குலுக்கினார்கள். நியூயார்க் அணிக்குப் பேட்ரிக் யூவிங் கிடைத்ததும், அந்த உறையை மட்டும் குளிரூட்டி வைத்திருந்தார்கள், தொட்டுப் பார்த்தே எடுத்தார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அது இன்னும் அடங்கவில்லை. பிறகு, அதிகம் தோற்றவருக்கு அதிக வாய்ப்பு என்று எடை வைத்தார்கள். பிறகு பதினான்கு பந்துகளில் நான்கை எடுக்கும் முறை. அதில் 1001 சேர்க்கைகள் வரும், ஒன்றை விலக்கிவிட்டு ஆயிரத்தைப் பங்கிடுவார்கள். கடைசி அணிக்கு நூற்றுக்கு இருபத்தைந்து வாய்ப்பு.

அதுவும் போதவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் சாம் ஹிங்கி என்ற மேலாளர் 2013-இல் பொறுப்பேற்றுத் தேறிய ஆட்டக்காரர்களை விற்று, வருங்கால வாய்ப்புகளை வாங்கிக் குவித்தார். மூன்று பருவங்களில் அந்த அணியின் வெற்றிகள் 19, 18, 10. அதாவது 246 ஆட்டங்களில் 47. மூன்றாம் பருவம் முடியும் முன்பே அவர் பதவி விலகினார். ஆனால் தோல்விகளின் பலனாக 2016-இல் முதல் வாய்ப்பும், 2017-இல் ஒரு பேரத்தின் வழியே மீண்டும் முதல் வாய்ப்பும் வந்தன. இத்தனைக்கும் பிறகு 2025 வரை அந்த அணி இறுதிப் போட்டியை எட்டவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்து, தங்கள் அணி தோற்க வேண்டும் என்று ரசிகர்கள் வேண்டிக்கொள்ளும் நிலையை என்னவென்று சொல்வது? தோற்கப் பழகிய இளைஞன் திடீரென்று ஒருநாள் வெல்லத் தொடங்கிவிடுவானா? எங்கள் பயிற்சியாளர், பயிற்சி ஆட்டத்தில்கூடச் சோம்பி நின்றால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடுவார்.

2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக நூற்றுக்குப் பதினான்கு வாய்ப்பு என்று குறைத்தார்கள். அதன் விளைவைத்தான் 2025-இல் நாங்கள் கைபேசியில் பார்த்தோம். பதினேழு ஆட்டங்களில் மட்டுமே வென்று மிகக் கடைசியில் நின்ற யூட்டா அணி ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. நூற்றுக்கு 1.8 வாய்ப்பே வைத்திருந்த டல்லாஸ் முதலிடம் பெற்றது. சில மாதங்களுக்கு முன்புதான் லூக்கா டோன்சிச் என்ற பெரும் ஆட்டக்காரரை லாஸ் ஏஞ்சல்சுக்குக் கொடுத்து ஊராரிடம் வசை வாங்கிய அணி அது. பின்தங்கியவருக்குக் கைகொடுக்கவே பிறந்த முறை இப்படி ஒரு லாட்டரிச் சீட்டாக முடிந்திருக்கிறது. குறையை அடைக்க அடைக்க வேறோர் இடத்தில் ஒழுகுகிறது. கூரையையே மாற்றலாமா என்று எவரும் கேட்பதில்லை.

டிராஃப்ட் இல்லாவிட்டால் எல்லாரும் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்சுக்கும் ஓடிவிடுவார்கள், சிறு நகரங்கள் என்ன ஆகும் என்று என் அறை நண்பன் கேட்டான். அவன் கேள்வியில் உண்மை இருக்கிறது. சான் அன்டோனியோ பெருநகர்களின் பகட்டு இல்லாத ஊர்; 1987-இல் டேவிட் ராபின்சனும் 1997-இல் டிம் டங்கனும் டிராஃப்டில் கிடைத்திராவிட்டால், அந்த ஊர் 1999 முதல் 2014 வரை ஐந்து கோப்பைகளைக் கண்டிருக்குமா என்பது ஐயமே. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் சாக்ரமென்டோவும் அதே நாட்டில்தான் இருக்கிறது. 2007 முதல் 2022 வரை பதினாறு பருவங்கள் தொடர்ந்து அந்த அணி அடுத்த கட்டப் போட்டிகளுக்குத் தகுதி பெறவில்லை. ஆண்டுதோறும் முன்வரிசையில் நின்றும் இந்தக் கதி. 2018-இல் இரண்டாவது வாய்ப்பில் மார்வின் பேக்லியை எடுத்தது. அடுத்ததாகப் போனவர், மேலே சொன்ன டோன்சிச். நிருவாகம் சரியில்லாத வீட்டுக்கு எத்தனை நல்ல பிள்ளையைத் தத்துக் கொடுத்தாலும் என்ன பயன்? வாழ்வது என்னவோ பிள்ளைதானே. மேலும், ஓர் அணி மொத்தமாக எவ்வளவு ஊதியம் தரலாம் என்பதற்கு 1984-85 முதலே அங்கு வரம்பு இருக்கிறது. பணக்கார அணி எல்லாரையும் வளைத்துப் போட முடியாதபடி அந்த வரம்பே தடுக்கிறது. அது போதாதா?

இனி அந்த இளைஞன் பக்கம் வருவோம். எதிர்த்து வழக்காடியவர்கள் உண்டு. மிசிசிப்பியில் பருத்தி பறிக்கும் குடும்பத்தில் பிறந்து 1968 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்பென்சர் ஹேவுட், பள்ளி முடித்து நான்காண்டு ஆனால்தான் தொழில்முறை ஆட்டத்தில் சேரலாம் என்ற விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார், 1971-இல் வென்றார். குடும்ப வறுமையால் முன்கூட்டியே பிழைக்க வருபவனுக்குக் கதவு திறந்தது. பள்ளியிலிருந்து நேரே கெவின் கார்னெட், கோபி பிரயன்ட், லெப்ரான் ஜேம்ஸ் போன்றவர்கள் வந்தார்கள். 2005 ஒப்பந்தம் அந்தக் கதவை மீண்டும் பாதி சாத்தியது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் பத்தொன்பது வயது நிறைய வேண்டும், பள்ளி முடிந்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். எப்போது வரலாம் என்பதைப் பற்றியது அந்த வழக்கு. எங்கே போவது என்ற வழக்கைத் தொடுத்தவர் லியான் வுட்.

1984-இல் ஃபிலடெல்ஃபியா அணி அவரைப் பத்தாவதாக எடுத்தது. ஊதிய வரம்பைக் காட்டி, ஓராண்டுக்கு எழுபத்தைந்தாயிரம் டாலர் தருகிறோம் என்றது. வேறு அணியிடம் பேச அவருக்கு வழியில்லை. நீதிமன்றம் போனார். 1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆட்டக்காரர் சங்கம் இம்முறைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது, ஆகவே உறுப்பினரும் புதிதாக வருபவரும் கட்டுப்பட்டவரே என்பது காரணம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் சங்கம் கையெழுத்திடும் நாளில் அந்த இளைஞன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். 1994-இல் கிளென் ராபின்சன் என்ற புதியவர் ஆடத் தொடங்கும் முன்பே பத்தாண்டுக்கு 68 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெற்றபோது, முதலாளிகளோடு மூத்த ஆட்டக்காரர்களும் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டே புதியவர்களுக்கு நிர்ணய ஊதியம் வந்துவிட்டது. வாக்குரிமை உள்ளவர்கள் கூடி, வாக்குரிமை இல்லாதவனின் பங்கைக் குறைத்துக்கொண்டார்கள். (லியான் வுட் பின்னாளில் அதே என்.பி.ஏ.யில் நடுவராகச் சேர்ந்து நெடுங்காலம் விசில் ஊதினார். வாழ்க்கைக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு.)

போக மறுத்தவர்களும் இல்லாமல் இல்லை. 1999-இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட ஸ்டீவ் பிரான்சிஸ், வான்கூவருக்குப் போகமாட்டேன் என்று நின்று ஹூஸ்டனுக்கு மாற்றிக்கொண்டார். கோடியில் புரளப் போகிறவனுக்கு என்ன திமிர் என்று ஏசியவர்கள் பலர். கோடி ரூபாய் கொடுத்தாலும் எந்த ஊரில் வாழ்வது என்று கேட்கும் உரிமை ஒருவனுக்கு இருக்கக் கூடாதா? நாளை நமக்கு வேலை தரும் நிறுவனங்கள் ஒன்றுகூடி, பொருளியல் படித்தவர்களை இப்படிச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொண்டால் நாம் ஒப்புவோமா?

இந்தக் கல்லூரியில் நாம் சேர்ந்த நாளை எண்ணிப் பாருங்கள். தரவரிசைப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். என் முறை வந்தபோது வணிகவியலில் இடம் முடிந்துவிட்டிருந்தது. மீதமிருந்த பாடங்களைச் சொல்லி, எது வேண்டும் தம்பி என்று மேசைக்கு அப்பாலிருந்த பேராசிரியர் கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் பொருளியல் என்றேன். விரும்பிய பாடம் கிடைக்கவில்லைதான், ஆனாலும் கேட்டார்கள். அங்கே வரிசையில் நின்றவர்கள் மாணவர்கள், தேர்ந்தெடுத்தவர்களும் மாணவர்களே. அமெரிக்கக் கூடைப்பந்தில் இதைத் தலைகீழாக்கி, கல்லூரிகள் வரிசையில் நின்று மாணவனைப் பொறுக்கிக்கொள்கின்றன.

ஆகவே என் யோசனை இது. வரிசையைத் திருப்பிப் போடட்டும். புதியவர்களுக்கென்று ஒவ்வோர் அணிக்கும் தனியே ஒரு தொகை ஒதுக்கட்டும். பின்தங்கிய அணிக்குச் சற்று அதிகம், வென்ற அணிக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தொகைக்குள் அணிகள் அழைக்கட்டும், இளைஞன் தேர்ந்தெடுக்கட்டும். நல்ல பயிற்சியாளர் உள்ள அணியா, தாய் வீட்டுக்கு அருகிலுள்ள ஊரா, கூடுதல் பணமா என்பது அவன் பாடு. கெட்ட நிருவாகம் உள்ள அணி, ஆள் வராதபோதாவது தன்னைத் திருத்திக்கொள்ளும். இதிலும் தோற்பவனுக்குக் கூடுதல் தொகை என்பதால் ஏமாற்று முற்றிலும் ஒழியாது என்றான் அதே நண்பன். ஒழியாதுதான். ஆனால் தோற்றுப் பெறுவது கொஞ்சம் பணமாக இருக்கும். ஒரு மனிதனாக இருக்காது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்த ஏழடி உயர சத்னம் சிங்கை 2015-இல் டல்லாஸ் அணி ஐம்பத்திரண்டாவதாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஆள் அவர். டல்லாசின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்சில் ஆடினார், என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்க வாய்ப்பு வரவில்லை. பின்னர் அமெரிக்காவிலேயே மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

அறுபது பெயருக்குள் வராமல் போனவன் நிலை என்ன? அங்கேதான் வேடிக்கை. எவரும் எடுக்காதவன் எந்த அணியோடும் பேசலாம். அதனால் இரண்டாம் சுற்றின் கடைசிப் பகுதியில், எங்கள் ஆளைத் தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று முகவர்களே அணிகளைக் கேட்டுக்கொள்வதுண்டு. 2016-இல் ஃபிரெட் வான்விளீட் என்ற குள்ளமான ஆட்டக்காரரின் பெயரை அன்றிரவு எவரும் படிக்கவில்லை. அவர் டொரன்டோ அணியில் தாமே போய்ச் சேர்ந்தார். 2019-இல் அந்த அணி கோப்பையை வென்றபோது அவர் களத்தில் இருந்தார்.